நேரியல் சமன்பாட்டின் வரைபடம்

நேரியல் சமன்பாட்டின் வரைபடம் என்பது, இரு மாறிகளைக் கொண்ட ஒருபடிச் சமன்பாடு ஒன்றை நிறைவு செய்யும் எல்லாப் புள்ளிகளையும் ஆள்கூற்றுத் தளத்தில் குறிப்பதால் கிடைக்கும் நேர்கோடு ஆகும். இவ்வரையறையில் "எல்லா" என்னும் சொல்லே முதன்மையானது. கோட்டின் மேல் அமையும் ஒவ்வொரு புள்ளியும் சமன்பாட்டின் ஒரு தீர்வு. சமன்பாட்டின் ஒவ்வொரு தீர்வும் கோட்டின் மேல் அமையும் ஒரு புள்ளி. கோட்டிற்கு வெளியே உள்ள புள்ளி எவ்வளவு அருகில் இருந்தாலும் தீர்வு அன்று. எண்ணி முடியாத தீர்வுகளை ஒரே படத்தில் அடக்குவதால்தான் இவ்வரைபடம் பயனுடையதாகிறது.

பள்ளிகளில் இது பெரும்பாலும் அட்டவணை எழுதி, புள்ளிகளைக் குறித்து, அளவுகோலால் இணைக்கும் பயிற்சியாகவே முடிந்துவிடுகிறது. ஆயினும் தொடர்வண்டிப் போக்குவரத்தைத் திட்டமிடுவோர் இதே வரைபடத்தையே நம்பியுள்ளனர். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரு கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது பயணிகளின் உயிரோடு தொடர்புடைய வினா ஆகும். இப்பயன்பாடு கீழே தனிப்பிரிவில் விளக்கப்படுகிறது.

குறியீடுகளும் கலைச்சொற்களும்

பாடநூல்களில் கிடை ஆள்கூறும் நெடுக்கை ஆள்கூறும் முறையே எக்ஸ், ஒய் என்னும் எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. இக்கட்டுரையில் அவற்றுக்கு ஈடாகக் கிடை ஆள்கூறு க எனவும், நெடுக்கை ஆள்கூறு ந எனவும், சாய்வு ச எனவும், வெட்டுத்துண்டு வ எனவும் எழுதப்படுகின்றன. ஒரு புள்ளி (க, ந) என்ற வரிசையில் குறிக்கப்படும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சாய்வு எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் படித்திறன் எனப்படும். அவ்வாறே வரைபடம் என்பது வரைபு எனவும், ஆதிப்புள்ளி என்பது உற்பத்தி எனவும் அங்கு வழங்கும். சொற்கள் வேறுபட்டாலும் பொருள் ஒன்றே.

நேரியல் சமன்பாட்டின் பொது வடிவம் பின்வருமாறு:

அ × க + ஆ × ந + இ = 0

இங்கு அ, ஆ, இ ஆகியன மாறிலிகள். அ, ஆ ஆகிய இரண்டும் ஒருசேரச் சுழியாக இருத்தல் கூடாது. ஆ சுழி அல்லாதபோது இதனை ந = ச × க + வ என்னும் சாய்வு–வெட்டுத்துண்டு வடிவில் எழுதலாம்.

வரையும் முறை

2க + 3ந = 12 என்னும் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். க = 0 எனில் ந = 4; ந = 0 எனில் க = 6. ஆகவே (0, 4), (6, 0) ஆகிய புள்ளிகள் கோட்டின் மேல் உள்ளன. இரு புள்ளிகள் ஒரு நேர்கோட்டை முற்றாகத் தீர்மானிப்பதால் கணிதப்படி இவையே போதும். எனினும் மூன்றாவதாக ஒரு புள்ளியைக் காண்பது நல்ல வழக்கம். க = 3 எனில் ந = 2. இம்மூன்றும் ஒரே கோட்டில் அமையாவிடின் கணக்கீட்டிலோ குறிப்பதிலோ பிழை நேர்ந்துள்ளது என அறியலாம். முதல் இரு புள்ளிகள் கோட்டைத் தருகின்றன. மூன்றாவது சரிபார்ப்பைத் தருகிறது.

அச்சுகளை வெட்டும் புள்ளிகளைக் கொண்டு வரையும் இம்முறை, 2க = 3ந போன்று ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் கோடுகளுக்குப் பயன்படாது. அங்கு இரு வெட்டுப்புள்ளிகளும் ஒன்றாகிவிடுகின்றன. அப்போது (3, 2) போன்ற வேறொரு புள்ளியைத் தேட வேண்டும்.

வரைபடம் ஏன் வளையாமல் நேர்கோடாகவே வருகிறது என்பதைப் பல பாடநூல்கள் சொல்லாமலே கடந்து செல்கின்றன. காரணம் எளியது. ந = ச × க + வ என்பதில் க-இன் மதிப்பு 1 கூடும்போதெல்லாம் ந-இன் மதிப்பு ச அளவு மாறுகிறது. எங்கிருந்து தொடங்கினாலும் இம்மாற்றம் ஒன்றே. கோட்டின் மேல் ஏதேனும் இரு புள்ளிகளை எடுத்து, அவற்றுக்கிடையே கிடைப்பக்கமும் நெடுக்கைப்பக்கமும் கொண்ட செங்கோண முக்கோணம் வரைந்தால், பக்கங்களின் விகிதம் எப்போதும் ச ஆகவே இருக்கும். ஆகவே அவ்வாறு வரையப்படும் முக்கோணங்கள் யாவும் வடிவொத்தவை. கிடைப்பக்கத்துடன் அவை ஆக்கும் கோணமும் சமம். கோணம் மாறாத பாதை வளைய இயலாது.

கோட்டை வரைவதற்கு முன் மாறிகள் எத்தகைய எண்கள் என்பதையும் நோக்க வேண்டும். 10 ரூபாய் நாணயங்கள் க, 5 ரூபாய் நாணயங்கள் ந, மொத்தம் 50 ரூபாய் எனில் சமன்பாடு 10க + 5ந = 50 ஆகும். நாணயத்தைப் பாதியாக வெட்ட இயலாது. எண்ணிக்கை குறை எண்ணாகவும் இருக்க இயலாது. எனவே (0, 10), (1, 8), (2, 6), (3, 4), (4, 2), (5, 0) ஆகிய ஆறு புள்ளிகளே இதன் வரைபடம். அவை ஒரே கோட்டில் அமைகின்றன என்பது உண்மை. ஆனால் கோடு முழுவதும் விடை அன்று.

சாய்வும் வெட்டுத்துண்டும்

கோட்டின் மேல் உள்ள இரு புள்ளிகளுக்கிடையே நெடுக்கை மாற்றத்தைக் கிடை மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பது சாய்வு. கோடு நெடுக்கை அச்சை வெட்டும் இடத்தில் ந-இன் மதிப்பு வெட்டுத்துண்டு.

வெப்பநிலை அலகுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீர் உறையும் நிலை 0 பாகை செல்சியசு, அதாவது 32 பாகை ஃபாரன்ஹீட். இயல்பான வளியழுத்தத்தில் நீர் கொதிக்கும் நிலை 100 பாகை செல்சியசு, அதாவது 212 பாகை ஃபாரன்ஹீட். செல்சியசு அளவைக் கிடையிலும் ஃபாரன்ஹீட் அளவை நெடுக்கையிலும் கொண்டால் சாய்வு 180 ÷ 100 = 1.8, வெட்டுத்துண்டு 32. ஆகவே ந = 1.8க + 32. உடல் வெப்பநிலையான 37 பாகை செல்சியசுக்கு இக்கோட்டில் 98.6 என்னும் மதிப்பு கிடைக்கிறது. சாய்வுக்கும் வெட்டுத்துண்டுக்கும் இங்குத் தனித்தனிப் பொருள் உண்டு. ஒரு செல்சியசுப் பாகை 1.8 ஃபாரன்ஹீட் பாகைகளுக்குச் சமம் என்பதைச் சாய்வு கூறுகிறது. இரு அளவுகளும் வெவ்வேறு இடங்களில் சுழியைக் கொண்டுள்ளன என்பதை வெட்டுத்துண்டு கூறுகிறது.

சாய்வு நேர் எண்ணாயின் கோடு வலப்புறம் ஏறும். குறை எண்ணாயின் இறங்கும். சுழியாயின் கிடைக்கோடாக இருக்கும். க = 5 போன்ற நிலைக்குத்துக் கோட்டில் கிடை மாற்றம் சுழி என்பதால் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை. அக்கோட்டை ந = ச × க + வ என்னும் வடிவில் எழுதவும் இயலாது. பொது வடிவம் தேவைப்படுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சாய்வு ஓர் எண். படத்தில் கண்ணுக்குத் தெரியும் செங்குத்துத்தன்மை வேறு. நெடுக்கை அச்சின் அளவுத்திட்டத்தை இரு மடங்காக்கினால் அதே கோடு மேலும் செங்குத்தாகத் தோன்றும். சாய்வின் மதிப்பு மாறாது. செய்தித்தாள்களில் விலையேற்றத்தையோ உற்பத்தியையோ காட்டும் வரைபடங்களைக் காணும்போது முதலில் அச்சுகளில் எழுதப்பட்டுள்ள எண்களைப் படிப்பது நன்று. அவ்வாறே, பெருக்கற்பலன் −1 ஆகும் சாய்வுகளையுடைய இரு கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்னும் விதி, இரு அச்சுகளும் ஒரே அளவுத்திட்டத்தில் இருந்தால்தான் படத்தில் அப்படியே தெரியும்.

இரு கோடுகள்

ஒரே தளத்தில் வரையப்பட்ட இரு நேரியல் சமன்பாடுகளுக்கு மூன்று நிலைகளே உள்ளன. சாய்வுகள் வேறுபட்டால் கோடுகள் ஒரே புள்ளியில் வெட்டும்; அப்புள்ளியே இரு சமன்பாடுகளுக்கும் பொதுவான ஒரே தீர்வு. சாய்வு ஒன்றாகி வெட்டுத்துண்டு வேறுபட்டால் அவை இணைகோடுகள், தீர்வு இல்லை. இரண்டும் ஒன்றானால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் தீர்வு. மேற்கண்ட வெப்பநிலைக் கோட்டுடன் ந = க என்னும் கோட்டையும் வரைந்தால், இரண்டும் (−40, −40) என்னும் புள்ளியில் வெட்டுகின்றன. இரு அலகுகளிலும் ஒரே எண்ணைக் காட்டும் வெப்பநிலை அது ஒன்றே.

தீர்வு உண்டா, தோராயமாக எங்குள்ளது என்பதை வரைபடம் உடனே காட்டிவிடும். துல்லியமான மதிப்புக்கு நீக்கல் முறை போன்ற இயற்கணித வழிகளே தக்கவை. குறிப்பாக, ஏறத்தாழ இணையான கோடுகளில் கண்ணை நம்ப இயலாது. ந = க, ந = 1.01க − 0.1 ஆகிய கோடுகள் க = 10 என்னுமிடத்தில் வெட்டுகின்றன. இரண்டாவது சமன்பாட்டில் 0.1 என்பதை 0.15 என மாற்றினால் வெட்டும் இடம் க = 15 ஆகிவிடும். பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கும் சிறு மாற்றம் விடையை 5 அலகுகள் நகர்த்திவிடுகிறது. அளவைக் கருவிகளிலிருந்து பெறப்படும் எண்களைக் கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கும் பொறியாளர்களுக்கு இஃது அடிக்கடி நேரும் இடர்.

தொடர்வண்டி இயக்க வரைபடம்

கிடை அச்சில் நேரத்தையும், நெடுக்கை அச்சில் பாதையில் உள்ள நிலையங்களை அவற்றின் தொலைவுக்கேற்பவும் குறித்து, ஒவ்வொரு வண்டியையும் ஒரு கோடாக வரைவது தொடர்வண்டி இயக்க வரைபடம் ஆகும். சீரான வேகத்தில் செல்லும் வண்டியின் கோடு நேர்கோடு. அதன் சாய்வே வேகம். விரைவு வண்டியின் கோடு செங்குத்தாகவும், சரக்கு வண்டியின் கோடு படுத்தவாறும் இருக்கும். நிலையத்தில் நிற்கும் வண்டியின் கோடு கிடையாகச் செல்லும். எதிர்த்திசையில் வரும் வண்டியின் சாய்வு குறை எண். நிலைக்குத்துக் கோடு இங்கு நிகழ இயலாது. அவ்வாறாயின் ஒரு வண்டி ஒரே கணத்தில் பல இடங்களில் இருக்க வேண்டும்.

பிரான்சு நாட்டு உடலியங்கியல் அறிஞர் எத்தியன்-சூல் மரே எழுதிய வரைபட முறை பற்றிய நூலின் 1885-ஆம் ஆண்டுப் பதிப்பில் பாரிசு–லியோன் பாதைக்கான இத்தகைய வரைபடம் ஒன்று உள்ளது. அதனை உருவாக்கியவர் இப்ரி என்னும் பொறியாளர் என மரே குறிப்பிட்டுள்ளார். எட்வர்ட் டஃப்டி 1983-இல் வெளியிட்ட தரவு வரைபடங்கள் பற்றிய நூலின் அட்டையில் இதனைப் பயன்படுத்தியதால் இது பரவலாக அறியப்பட்டது.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இவ்வரைபடத்தின் அருமை விளங்கும். எடுத்துக்காட்டாக 0, 15, 30, 45, 60 கி.மீ. தொலைவுகளில் ஐந்து நிலையங்கள் உள்ள பாதை ஒன்றைக் கொள்வோம். வண்டிகள் ஒன்றையொன்று கடக்க உதவும் கிளைத்தடம் நிலையங்களில் மட்டுமே உள்ளது. காலை 6 மணிக்கு 0 கி.மீ. நிலையத்திலிருந்து விரைவு வண்டி ஒன்று மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. அதே வேளையில் 60 கி.மீ. நிலையத்திலிருந்து சரக்கு வண்டி ஒன்று மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் எதிரே புறப்படுகிறது. 6 மணிக்குப் பின் கடந்த நிமிடங்களை க எனவும், கி.மீ. தொலைவை ந எனவும் கொண்டால்,

விரைவு வண்டி: ந = க

சரக்கு வண்டி: ந = 60 − 0.5க

இவை வெட்டும் புள்ளி (40, 40). அதாவது 6.40 மணிக்கு இரு வண்டிகளும் 40-ஆவது கி.மீ. இல் ஒரே தண்டவாளத்தில் நேருக்கு நேர் சந்திக்கும். 30, 45 ஆகிய நிலையங்களுக்கு இடைப்பட்ட இடம் அது. தேர்வுத்தாளில் இது சரியான விடை. பாதையில் இது மோதல்.

வெட்டும் புள்ளியை ஏதேனும் ஒரு நிலையத்தின் கிடைக்கோட்டிற்கு நகர்த்த வேண்டும். விரைவு வண்டியை 30 கி.மீ. நிலையத்தில் நிறுத்தினால், அது 6.30-க்கு வந்து, சரக்கு வண்டி 7 மணிக்கு வந்துசேரும் வரை 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். சரக்கு வண்டியை 45 கி.மீ. நிலையத்தில் நிறுத்தினால், அது 6.30-க்கு வந்து, விரைவு வண்டி 6.45-க்கு வரும் வரை 15 நிமிடங்களே காத்திருக்கும். இரண்டாவதே சிக்கனமானது. (நடைமுறையில் வண்டி முழுமையாக உள்ளே வந்து, தடம் மாற்றிக் குறிகை கிடைக்கும் வரை மேலும் சில நிமிடங்கள் ஆகும், இங்கு அவை விடப்பட்டுள்ளன.)

காத்திருந்து புறப்பட்ட சரக்கு வண்டியின் புதிய கோடு ந = 67.5 − 0.5க. சாய்வு மாறவில்லை, வெட்டுத்துண்டு மட்டும் மாறியது. ஆகவே பழைய கோட்டிற்கு இணையான கோடு இது. 67.5 கி.மீ. இல் நிலையம் எதுவும் இல்லை. ஆனால் அந்த எண் பொருளற்றது அன்று: காத்திருக்காமல் வந்திருந்தால் 6 மணிக்கு அவ்வண்டி எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. 6.15-க்குத் தாமதமாகப் புறப்பட்டு இடையில் நில்லாமல் வரும் வண்டிக்கும் இதே சமன்பாடுதான். ஆகவே 15 நிமிடத்தை வழியில் செலவிடுவதும் தொடக்கத்திலேயே செலவிடுவதும் சேரும் நேரத்தைப் பொறுத்தவரை ஒன்றே. இரு நிலைகளிலும் வண்டி 8.15-க்குச் சென்றடையும்.

இரட்டைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் எங்கு வேண்டுமாயினும் வெட்டலாம். ஆனால் ஒரே திசையில் செல்லும் விரைவு வண்டி முன்செல்லும் மெதுவான வண்டியை முந்தும் புள்ளி அங்கும் நிலையத்தில்தான் அமைய வேண்டும். உண்மையான வண்டிகள் புறப்படும்போது வேகம் கூட்டியும், ஏற்றங்களில் தளர்ந்தும் செல்வதால் அவற்றின் பாதை சிறிது வளைந்தே இருக்கும். நிலையத்திற்கு நிலையம் நேர்கோட்டுத் துண்டுகளாகக் கொள்வது திட்டமிடுவதற்குப் போதுமானது.

இந்திய இரயில்வேயின் கட்டுப்பாட்டு அலுவலகங்களில் பிரிவுக் கட்டுப்பாட்டாளர்கள் நீண்ட காலம் இத்தகைய வரைபடத்தைத் தாளில் கையாலேயே வரைந்துவந்தனர். நிலையங்களிலிருந்து தொலைபேசியில் வரும் நேரங்களைப் புள்ளிகளாகக் குறித்து, கோட்டை முன்னோக்கி நீட்டி, அடுத்த சந்திப்பு எங்கே நிகழும் எனக் காண்பர். பின்னர் இப்பணி கணினித் திரைக்கு மாறியது. திரையில் தெரிவதும் அதே வரைபடமே.

வரைபடம் திட்டத்தை மட்டுமே காட்டும். திட்டத்தை மீறி வண்டி புறப்படுவதைத் தடுக்காது. இங்கிலாந்தின் நாரிச் நகருக்கு அருகே 1874 செப்டம்பர் 10 அன்று, தோர்ப் நிலையத்திற்கும் பிரண்டலுக்கும் இடையிலான ஒற்றைத் தடத்தில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தனர். தந்தி வழியாக அனுமதி அளிப்பதில் நேர்ந்த குழப்பமே காரணம். இவ்விபத்திற்குப் பின் எட்வர்ட் டயர் மின் வில்லைக் கருவியை உருவாக்கினார். இரு நிலையங்களில் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும்; ஒரு வில்லை வெளியே எடுக்கப்பட்டிருக்கும் வரை மற்றொன்றை எடுக்க இயலாது; வில்லையைப் பெறாத ஓட்டுநர் அத்தடத்தில் நுழையக் கூடாது. இலங்கையின் மலையகப் பாதையிலும் இம்முறை நெடுங்காலம் பயன்பட்டது. வரைபடத்தின் மொழியில் கூறினால், அடுத்தடுத்த இரு நிலையக் கோடுகளுக்கு இடைப்பட்ட பட்டையில் எந்த ஒரு கணத்திலும் ஒரு வண்டிக் கோட்டுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பதை இக்கருவி உறுதிசெய்கிறது.

வரலாறு

மாறும் அளவு ஒன்றைப் படமாக வரையும் எண்ணம் 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த நிக்கோல் ஒரேமின் எழுத்துகளில் காணப்படுகிறது. சமன்பாட்டையும் கோட்டையும் இணைத்தவர்கள் 17-ஆம் நூற்றாண்டினர். ரெனே டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவவியல் நூலே இத்துறையின் தொடக்கமாகப் பொதுவாகக் கூறப்படும். ஆயினும், இன்றைய மாணவர் அறியும் இரு செங்குத்து அச்சுகள் கொண்ட தளம் அதில் இல்லை. குறை ஆள்கூறுகளும் இல்லை. நேரியல் சமன்பாட்டைப் பொறுத்தவரை பியேர் டி பெர்மாவுக்கே முதலிடம் தருவது பொருத்தம். இரு மாறிகளில் அமைந்த ஒருபடிச் சமன்பாடு ஒரு நேர்கோட்டைக் குறிக்கும் என்பதை ஏறத்தாழ அதே காலத்தில் அவர் தெளிவாக எழுதினார். அக்கட்டுரை கையெழுத்துப்படியாகவே உலவி, அவர் மறைந்த பின் 1679-இல்தான் அச்சேறியது. குறை ஆள்கூறுகளைத் தயக்கமின்றிக் கையாண்டு நான்கு கால்பகுதிகளிலும் வளைகோடுகளை வரைந்தவர்களுள் ஐசக் நியூட்டன் முதன்மையானவர். மூன்றாம் படி வளைகோடுகள் பற்றிய அவரது ஆக்கம் 1704-இல் வெளிவந்தது.

கணினித் திரையில்

திரை சிறு படப்புள்ளிகளால் ஆனது. நேர்கோட்டின் புள்ளிகள் பெரும்பாலும் அவற்றுக்கு இடையே விழும். எனவே ஒவ்வொரு நிரலிலும் கோட்டிற்கு மிக அருகில் உள்ள படப்புள்ளியைத் தெரிவு செய்ய வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் 1962-இல் உருவாக்கி 1965-இல் வெளியிட்ட படிமுறை, வகுத்தலும் பின்னங்களும் இன்றி முழு எண்களைக் கூட்டிக் கழிப்பதன் மூலமே இதனைச் செய்கிறது. அது முதலில் எழுதப்பட்டது திரைக்காக அன்று, தாளில் பேனாவால் வரையும் கருவிக்காக.

(0, 0) முதல் (7, 3) வரை செல்லும் கோட்டின் சாய்வு 3/7. பிழைக்கணக்கு 0 எனத் தொடங்குக. வலப்புறம் ஒரு படி செல்லும்போதெல்லாம் கணக்கில் 6 கூட்டுக (3-இன் இரு மடங்கு). கணக்கு 7-ஐ விஞ்சினால் ஒரு படி மேலே ஏறி, கணக்கில் 14 கழிக்க (7-இன் இரு மடங்கு). பிழைக்கணக்கு 6, −2, 4, −4, 2, −6, 0 என மாறிச் செல்லும். படப்புள்ளிகளின் உயரங்கள் தொடக்கத்திலிருந்து 0, 0, 1, 1, 2, 2, 3, 3 என அமையும். இறுதியில் பிழைக்கணக்கு 0 ஆவது, கோடு முடிவுப் புள்ளியைத் துல்லியமாக அடைந்ததைக் காட்டுகிறது.